ஓட்டை மாமு பாலிசி வாங்கிய கதை

பழைய லாரியைப் பொய் சொல்லாமல் விற்ற புரோக்கர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவரும் எங்கள் திருவொற்றியூரில்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். ஊருக்கு அவர் ஓட்டை மாமு.

லாரி வாங்க யார் வந்தாலும், வண்டியைக் காட்டுவதற்கு முன்பே மாமு ஆரம்பித்துவிடுவார். "மொதல்ல ஓட்டைய சொல்லிடறேன் நைனா. கிளட்ச்சு வழுக்கும். ரேடியேட்டரு ஒழுவும். மழை பேஞ்சா உள்ள குந்திகினு கீறவனும் நனைவான்." எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் இரண்டு கைகளையும் படபடவென்று தட்டிக்கொள்வார். "ஓட்ட அவ்ளோதான். இப்ப நல்லத கேளு!" வந்தவன் அதற்குள் எண்ணூர் பஸ்ஸில் ஏறி டிக்கெட்டே எடுத்திருப்பான். ஆனால், நின்று கேட்டு வாங்கியவர்கள் அதற்குப் பிறகு வேறு புரோக்கரிடம் போனதில்லை.

வண்டியோடு நிறுத்தினாரா மனுஷன்? அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், கேசரித் தட்டைக் கையில் வாங்கியதுமே, "மொதல்ல ஓட்டைய சொல்லிடறேன். பையன் குறட்ட வுட்டா தெருநாயி எய்ந்து கொலைக்கும்" என்றார். நல்லதைச் சொல்லும் கட்டம் வருவதற்குள் அக்கா அவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

நெஞ்சில் இழுப்பு வந்து அலைய முடியாமல் போனதும், மாமு எங்கள் கன்டெய்னர் யார்டில் லாரிகளைப் பார்த்து உள்ளே அனுப்பும் வேலைக்கு வந்தார். நான் அங்கே கேட் பாஸ் போடும் குமாஸ்தா. அவருக்கு மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. பிள்ளைகள் இல்லை. அந்தச் சம்பளம்தான் சோறு, அதுவேதான் மருந்து. அந்த நேரம் பார்த்து யார்டில் புது உத்தரவு போட்டார்கள். ஒவ்வொருவரும் சொந்தக் காசில் மெடிக்கல் பாலிசி எடுத்தாக வேண்டும். எடுக்காதவனுக்கு அடுத்த மாதம் முதல் கேட் பாஸ் கிடையாது. நாங்கள் எல்லோரும் முனகிக்கொண்டே வாங்கிவிட்டோம். மாமு மட்டும்தான் பாக்கி.

டை கட்டிய ஏஜென்ட் ஒருவன் யார்டுக்கே வந்தான். "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று ஒரு மரியாதைக்குத்தான் கேட்டான். மாமு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மொதல்ல ஓட்டைய சொல்லிடறேன். சக்கர கீது. பிரஷரு கீது. நுரையீரலு ரெண்டும் அவுட்டு. படி ஏறினாலும் மூச்சு வாங்கும், எறங்கினாலும் வாங்கும்."

"ஐயோ சார், அதெல்லாம் சொல்லாதீங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டுக்கலாம்."

"இன்னாது? ஓட்ட வண்டிக்கு பெயிண்ட் அட்ச்சு விக்க சொல்றியா? எய்ந்து போ மொதல்ல!"

அடுத்து வேறொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து போனில் ஒரு பெண் பேசினாள். பாவம், பொறுமையாக எல்லா ஓட்டைகளையும் கேட்டாள். மேலே கேட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னாள். மாமு வேலை நேரத்திலும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். "நல்ல பொண்ணு நைனா. சிக்னலு கெடைக்கல போல" என்பார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மாதக் கடைசி நெருங்க நெருங்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரே இல்லைன்னு சொல்லி வாங்கிகினு கீது. உனுக்கு மட்டும் இன்னா மாமு? வேல போனா இன்னா பண்ணுவே?"

"நான் மறைச்சாலும் இருமலு மறைக்காது நைனா" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது.

கடைசியில் தண்டையார்பேட்டையிலிருந்து, தெரிந்த ஏஜென்ட் அம்மா ஒருவரை வரவழைத்தேன். மாமுவின் வியாதிகளை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். வெயிலில் நடந்து வந்த களைப்போடு அந்த அம்மா உட்கார்ந்தார். மாமு வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"அண்ணே, இதுல என்னென்ன கிடைக்காதுன்னு முதல்ல சொல்லிடறேன். சக்கரைக்கும் பிரஷருக்கும் மூணு வருஷத்துக்கு ஒண்ணும் கிடைக்காது. நுரையீரலுக்கு எப்பவுமே கிடைக்காது. கைகால் உடைஞ்சா, டெங்கு வந்தா, அதுக்கு உண்டு. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

மாமுவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கண்ணில் தண்ணீர் நின்றது. "ஓட்டைய மொதல்ல சொல்லி விக்கிற ஆள இன்னிக்கிதான்மா பாக்கறேன்" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். தன்னிடம் இருந்த எந்த வியாதிக்கும் ஆகாத ஒரு பாலிசிக்கு! நான் தலையில் அடித்துக்கொண்டேன். எப்படியோ, கேட் பாஸ் கிடைத்தது.

பனிக்காலம் வந்ததும் மாமுவுக்கு மூச்சு முட்டியது. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் பாலிசியைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும் வழியெல்லாம் அந்த உத்தரவையும் பாலிசியையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். மாமு என் தொடையில் தட்டினார். "அந்தம்மாவ மட்டும் திட்டாத. அது சொல்லிதான குட்த்துது."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நுரையீரல் இனித் தாங்காது, நாள் எண்ண வேண்டியதுதான் என்றார். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குள் போனேன். "ரெண்டு நாள்ல வூட்டுக்குப் பூடலாம் மாமு" என்றேன்.

அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "பெயிண்ட் அடிக்காத நைனா."

கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். "மொதல்ல ஓட்டைய சொல்லிடறேன் மாமு" என்று தொடங்கி, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு வழக்கம்போலக் கைகளைத் தட்டப் பார்த்தார். ஊசி குத்தியிருந்த கை எழும்பவில்லை. அவருக்காக நான் தட்டினேன்.

"ஓட்ட அவ்ளோதான். இப்ப நல்லத கேளு" என்றேன்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று வாட்ச்மேன் வந்து விரட்டும்வரை மாமுவிடம் இருந்த நல்லதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிகூட முடிந்திருக்கவில்லை.