மந்திரிக்காத பெட்டி

ஹம், ஜேர்மனி
2004 கார்த்திகை

யேசு மரி சூசை துணை

என்றும் மதிப்புக்குரிய அன்ரனிற்றா அக்காவுக்கு,

தங்கை பிளோறன்சின் கணவன் றெக்ஸ் பணிவோடு எழுதுவது. மடுமாதாவின் தயவில் இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை. மன்னாரில் நீங்களும் அத்தானும் சுகமாய் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். இது ஒரு முறைப்பாடு. உங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைப் பற்றியது. ஆகவே அத்தான் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து வாசியுங்கள், அவர் சிரிப்பார்.

இந்த நாட்டு ரிவி நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறுகின்றன. மாறட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் இருந்த சனலை விட்டுவிட்டு, புதுச் சனல் தெரிவுசெய்து குடிபோகின்றன. எது எந்தச் சனலுக்கு, யார் யாரோடு என்று மாதக்கணக்காய்க் கூடிப் பேசினார்களாம், பேப்பரில் படமும் போட்டிருந்தது. முன்பு ஒரு நிலையத்துக்கு ஒரு சனல், இனி ஒரு சனலுக்குள் நாலு நிலையம். நாங்கள் அகதியாய் வந்த புதிதில் ஒரு அறைக்குள் நாலு பேர் படுத்த மாதிரித்தான். எங்களை மட்டும் ஒருவரும் தெரிவுசெய்யச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செல்வரட்ணம் அண்ணையின் குறட்டைக்குப் பக்கத்தில் நான் படுத்திருப்பேனா. அந்த மனிசன் இப்போதும் கீழ்வீட்டில்தான் இருக்கிறார், குறட்டையும் அப்படியே இருக்கிறது.

பழைய ரிவியில் புதுச் சனல்கள் வராது, அதற்கென்று ஒரு பெட்டி வாங்கி ரிவியோடு பூட்டவேண்டும். நான் முந்திக்கொண்டு வாங்கிவிட்டேன். கொண்டுவந்த கையோடு பிளோறன்ஸ் அதைப் பறித்து மாதா படத்துக்கு முன்னால் வைத்து, "சுவாமி வந்து மந்திரிக்கட்டும், அதுக்கு முதல் ஒருத்தரும் தொடப்படாது" என்றா. சைக்கிள் என்றாலும் சோறு அவிக்கிற மெசின் என்றாலும் தீர்த்தம் படாமல் உங்கள் வீட்டில் ஒன்றும் ஓடாதே. தமிழில் பூசை வைக்கிற எங்கள் சுவாமியோ முழு ஜேர்மனிக்கும் பொது, ஹம்முக்கு மாதம் ஒருதரம்தான் வருவார். சரி, அவசரம் என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

அவசரம் அடுத்த கிழமையே வந்தது. பிளோறன்ஸ் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில், அங்கத்தைய கிழவிமாரை இருத்திப் பயற்றம் உருண்டை பிடிக்கப் பழக்கியிருக்கிறா. அதைப் படம்பிடிக்க இந்தப் பகுதி ரிவிக்காரர் வந்துவிட்டார்கள். இவவிடம் கேள்வியும் கேட்டார்கள், இவவே பதில் சொல்லியிருக்கிறா, டொச்சில், அதுதான் இந்த நாட்டுப் பாஷையில். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் "நீங்கள் கதையுங்கோ" என்று என் முதுகுக்குப் பின்னால் நிற்கிற மனிசி. வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது முகத்தைப் பார்க்கவேண்டும் அக்கா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை போடுவார்கள் என்று தெரிந்த ஆட்கள் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். பார்த்தால், அதற்கு முந்தித் திங்கட்கிழமையே அந்த நிலையம் புதுச் சனலுக்குப் போய்விட்டது. எங்கள் ரிவியில் வெறும் இரைச்சல். சுவாமி வர இன்னும் இரண்டு கிழமை. டிஷ் இருக்கிறதே என்பீர்கள். அது தமிழ் ரிவி வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது, திருப்பினால் அதே வயரில் நாடகம் பார்க்கிற செல்வரட்ணம் அண்ணையின் மனிசி பாமா என்னைத் திருப்பிவிடுவா. பிளோறன்ஸ் பெட்டியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாய் இருந்தா. அதுதான் தாங்க ஏலாமல் போனது.

வெள்ளி காலை லீவு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்ஸனுக்கு வெளிக்கிட்டேன், சுவாமி அன்று அங்கே நின்றார். மழைக்கு நனையாமல் பிளோறன்சின் சால்வையால் சுற்றி மடியில் வைத்திருந்தேன். றெயினில் எதிரே இருந்த ஜேர்மன் அம்மா எட்டிப் பார்த்து, பிள்ளைக்குப் பதில் பெட்டியைக் கண்டுவிட்டு, டோட்முண்ட் வரைக்கும் போனில் குசுகுசுத்தே கதைத்தா. சுவாமியும் சால்வையைக் கண்டு முதலில் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை கொண்டுவந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தார். விஷயத்தைச் சொல்லத் தலையைச் சொறிந்தார். "வீடு மந்திரிக்கச் செபம் இருக்கு, வாகனத்துக்கும் இருக்கு. இதுக்கு எதை வாசிக்கிறது றெக்ஸ்? சரி, தூரத்துச் செய்தியைக் கொண்டு வாற சாமான்தானே. மாதாவுக்குச் செய்தி கொண்டு வந்த கபிரியேல் சம்மனசை நினைச்சு மந்திரிப்பம்" என்றார்.

இனித்தான் அற்புதம். வீட்டுக்கு வந்து திறக்கிறேன், பெட்டியின் மட்டை உறை கோணல்மாணலாய் ஒட்டியிருக்கிறது. இந்த நாட்டுத் தொழிற்சாலைகளும் கெட்டுப்போய்விட்டன என்று பேசிக்கொண்டே பூட்டிப் போடுகிறேன், எல்லா நிலையமும் வரிசையாய் வந்து நிற்கின்றன. சனல்களை நாங்கள்தான் தேடிப் பதியவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் ஒரு பொத்தானும் அமத்தவில்லை. அதுவும் எங்கள் பகுதி நிலையம் முதலாம் இடத்தில். முழங்காலில் நின்றேன். "பாத்தியே, மந்திரிச்ச பலன்" என்றேன். பிளோறன்ஸ் "ஓம்" என்றுவிட்டு அவசரமாய்க் குசினிக்குள் போனா.

பெட்டியோடு வந்த சின்ன அன்ரெனாதான் வில்லங்கம் தந்தது. வைத்த இடமெல்லாம் படம் கட்டங்கட்டமாய் உடைந்தது. பல்கனியில் நான் கையில் உயர்த்திப் பிடித்தால் மட்டும் தெளிவு. வீடு முழுக்கச் சனம், நான் வெளியே குளிரில். செல்வரட்ணம் அண்ணை கதவால் தலையை நீட்டி, "றெக்ஸ், கொஞ்சம் இடப்பக்கம். உன்ரை மனிசிக்கு மூக்கைக் காணேல்லை" என்றார். மூக்கு வந்தது. கண்ணாடிக்குள்ளால் எனக்குத் தெரிந்தது சனத்தின் முதுகுதான். பிறகு கைதட்டினார்கள். "என்ன வடிவாய் டொச் கதைக்கிறியள் அக்கா" என்று பாமா சொன்னது நல்லாய்க் கேட்டது. கை விறைத்துப் போனது, ஆனால் உள்ளுக்கு நல்ல சந்தோசம்.

முறைப்பாடாய்த் தொடங்கி எங்கே வந்து நிற்கிறேன் பாருங்கோ. உங்கள் வீட்டுப் பழக்கத்தின் சக்தியைக் கண்ணால் கண்டவன் நான், முறைப்பாட்டை மீளப்பெறுகிறேன். இந்த அற்புதத்தை உங்கள் பங்குச் சுவாமிக்கும் சொல்லுங்கள். மடுமாதா உங்கள் எல்லாரையும் தன் சேலைக்குள் வைத்துக் காப்பாவாக.

அன்புள்ள
றெக்ஸ்

பி.கு. பங்குச் சுவாமிக்கு ஒன்றும் சொல்லிப்போடாதேயுங்கோ. கடிதத்தை ஒட்டமுதல் பிளோறன்ஸ் வாசித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டா. செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு அவவே மட்டை உறையைத் திறந்து பெட்டியைப் பூட்டி, சனல்களைத் தேடிப் பதிந்து, பகுதி நிலையத்தை முதலாவதாய் வைத்து, திரும்ப உறைக்குள் போட்டு ஒட்டி மாதாவுக்கு முன்னால் வைத்துவிட்டாவாம். அன்ரெனாவைக் குசினி அலுமாரிக்கு மேல் வைத்தாலே போதுமாம், சனத்துக்கு முன்னால் அதைச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடுமாம். "ஏனப்பா எஸ்ஸனுக்குப் போகேக்கை மறிக்கேல்லை" என்று கேட்டேன். "மந்திரிக்காமல் திறந்திட்டன் எண்டு சொல்ல வெக்கமாய் இருந்தது. பிறகு நீங்கள் என்ரை சால்வையைச் சுத்தித் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போறதை யன்னலாலை பாத்தன். எனக்காக ஒரு மனிசன் அப்பிடிப் போறான், மறிக்க மனம் வரேல்லை" என்றா. நாளைக் காலை திரும்பவும் போடுகிறார்களாம். வேலைக்கு வர ஏலாது என்று சொல்லிவிட்டேன். அன்ரெனா அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் இருந்து பார்க்கப்போகிறோம்.