மெல்போர்ன் அண்ணாச்சியின் வெறுங்கால்

மெல்போர்ன் நகரத்தைப் பற்றி அந்த ஊர் மேயருக்கே தெரியாத விஷயங்கள் பாளையங்கோட்டையில் ஒரு மனிதருக்குத் தெரியும். இத்தனைக்கும் அவர் கிழக்கே புன்னைக்காயல் கடற்கரையையும் மேற்கே மணிமுத்தாறு அணையையும் தாண்டியதில்லை. இரண்டுக்கும் போனது சபை ஏற்பாடு செய்த வேனில். இரண்டு இடத்திலும் தண்ணீர்ப் பக்கமே திரும்பாமல் ஃபுட்பால் பேசிவிட்டு வந்தவர்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ரேஷன் கார்டுக்கும் அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். எங்கள் தெருவுக்கு அவர் மெல்போர்ன் அண்ணாச்சி. ஐம்பத்தாறாம் வருஷ ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து அணி நாலாவது இடத்துக்கு வந்தது மெல்போர்னில்தான். அந்த ஆட்டங்களை மைதானத்து ஓரத்தில் நின்று பார்த்தவர் மாதிரி சொல்லுவார். அப்போது அவர் பிறந்திருக்கவே இல்லை. இதை எடுத்துச் சொன்னால், "பொறந்திருந்தாத்தான் தெரியணுமாவே? ஆதாம் ஏவாளை நீரு பாத்தீரா?" என்பார்.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே போட்டோவுக்குக் கண்ணாடி போட்டு ஃபிரேம் மாட்டிக் கொடுக்கும் கடை அவருடையது. கல்யாண போட்டோ, வேத வசனம், இறந்துபோனவர்கள் படம் எல்லாம் வரும். சுவரின் நடுவில், பழைய பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்த மெல்போர்ன் அணியின் படம். ஆபீஸ் விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். வீட்டில் எனக்கு அத்தனை மரியாதை.

அண்ணாச்சியின் சரித்திரம் எப்போதும் ஒரே வரிசையில் வரும். நாற்பத்தெட்டு லண்டன்: பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம், இரண்டு பெனால்டியை விட்டோம். "அது தோல்வியில்லவே, பெருந்தன்மை." ஐம்பத்தொன்று ஆசியப் போட்டி: தங்கம். ஐம்பத்தாறு மெல்போர்ன்: இதற்கு முக்கால் மணி நேரம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவன் ஊரிலேயே நாலு கோல் அடித்ததைச் சொல்லும்போது, கையில் இருக்கும் கண்ணாடி வெட்டும் வைரமுனை காற்றில் பந்தின் பாதையை வரையும். வாடிக்கையாளர்கள் குனிந்துகொள்வார்கள். அப்புறம் அறுபத்திரண்டு ஜகார்த்தா: மறுபடியும் தங்கம். அதற்குப் பிறகு என்ன ஆச்சு என்று கேட்டால் அண்ணாச்சி கடையைக் கூட்ட ஆரம்பித்துவிடுவார்.

ஒருமுறை ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருவர், இறந்துபோன அப்பாவின் படத்துக்கு ஃபிரேம் போடக் கொடுத்திருந்தார். வாங்க வந்த அன்று அண்ணாச்சி மெல்போர்னில், யுகோஸ்லாவியாவோடு அரையிறுதியில் இருந்தார். பேச்சு வேகத்தில் எதையோ பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டார். பதினாறாம் நாள் காலையில் மாலை போடுவதற்காகப் பிரித்துப் பார்த்தால், அப்பா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஃபுட்பால் டீம் முழுசாக நிற்கிறது. போன் வந்ததும் அண்ணாச்சி அப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. போன இடத்தில் படத்தைக் கொடுத்தோமா, வந்தோமா என்று இல்லை. "இதுல நடுவுல நிக்கது யாரு?" என்று ஒரு பெரியவர் தெரியாமல் கேட்டுவிட்டார். கடைசியில் பல்கேரியாவிடம் வெண்கலத்தைப் பறிகொடுத்ததைக் கேட்டு, அழுது முடித்திருந்த வீடு இன்னொரு தடவை அழுதது. எங்களுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டு அனுப்பினார்கள்.

அவருடைய வெறுங்கால் கதைக்கு வருகிறேன்.

ஐம்பதாம் வருஷ உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் அணி போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றார்கள், அதனால்தான் போகவில்லை என்று ஊரெல்லாம் ஒரு கதை. அது சுத்தப் பொய் என்பது அண்ணாச்சியின் கட்சி. அந்தக் கோபத்தில் இருபது வயதிலேயே ஒரு பொருத்தனை செய்துகொண்டார். இந்தியா உலகக் கோப்பையில் ஆடுகிறவரைக்கும் காலில் செருப்புப் போடுவதில்லை என்று ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டார்.

"பொய்யின்னா நீரு எதுக்கு அண்ணாச்சி வெறுங்காலோட அலையுதீரு?" என்று கேட்டிருக்கிறேன்.

"பொய்யாச்சேன்னுதாம்வே!"

இந்தப் பதிலைப் பல வருஷமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். புரியவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அவர் நடப்பதைப் பார்த்தால் நமக்குக் கால் பொத்துப்போகும். கல்யாண வீட்டில் யார் செருப்புத் தொலைந்தாலும் சந்தேகப்படாமல் விடப்பட்ட ஒரே மனிதர் அவர்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் வீட்டு முறை வைத்து ஜெபக்கூட்டம் நடக்கும். முதலில், கூட்டத்தை நடத்தும் சபை உபதேசியார் ஒவ்வொருவரிடமும் ஜெபக்குறிப்பு கேட்பார். மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், மூட்டுவலி என்று வரும். அண்ணாச்சியின் முறை வந்ததும், "நம்ம டீம் உலகக் கோப்பைக்குப் போணும். போன ஆட்டத்துல பின்களம் சரியில்ல" என்பார். உபதேசியார் நல்ல மனுஷர். ஃபுட்பாலில் பந்து ஒன்றா இரண்டா என்றுகூடத் தெரியாதவர். ஆனாலும் வாரந்தவறாமல், "ஆண்டவரே, அவர்கள் பின்களத்தையும் களஞ்சியத்தையும் ஆசீர்வதியும்" என்று ஜெபித்தார்.

உலகக் கோப்பையில் இனி நாற்பத்தெட்டு அணிகள் என்று அறிவிப்பு வந்தபோது அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நாப்பத்தெட்டு பேர்ல நம்மளுக்கு ஒரு எடம் இல்லாமலாவே போயிரும்?" என்று எஸ்தர் அக்காவுக்குத் தெரியாமல் செருப்புக் கடைப் பக்கம் போய்விட்டு வந்தார். விலை கேட்கவில்லையாம், சும்மா பார்த்தாராம்.

இல்லாமல்தான் போனது. தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து எதிரணி கோல் போட்டது. நடுவர் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை கடைத் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து வைத்துக்கொண்டு அண்ணாச்சி காத்திருந்தார்.

"வாரும். நீருதான் கோலி. பந்து இங்கன வருது. நீரு விழுந்து பிடிக்கீரு. இப்ப பாரும், பந்து எங்க இருக்கு?"

பந்துக்குப் பதில் ஒரு நூல்கண்டு. நடித்துக் காட்டினால் போதும், எனக்கோ ஆர்வக்கோளாறு. நிஜமாகவே பாய்ந்தேன். என் உடம்புக்கு அது பாய்ச்சல் இல்லை, சரிவு. சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிப் பலகை ஒன்று என்னோடு சேர்ந்து சரிந்து நொறுங்கியது.

"கோலியைப் பாரு, கோலியை!" என்று சிரித்தபடி அண்ணாச்சி கூட்டித் தள்ளினார். நானும் பொறுக்கினேன். ஒரு சில்லு மட்டும் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தது. இடது பெருவிரலுக்குக் கீழே சில்லு ஏறி மூன்று நாள் கழித்து, தரையில் கறை இருப்பதை எஸ்தர் அக்காதான் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, "புண் ஆறுனதும் சர்க்கரைக்காரங்க போடுற எம்.சி.ஆர். செருப்பு போட்டுத்தான் நடக்கணும். இன்னொரு தடவை வெறுங்காலோட வந்தீங்கன்னா, அதுக்கடுத்த தடவை கால் இல்லாமத்தான் வருவீங்க" என்றார்.

"பொருத்தனை இருக்கே டாக்டர்."

"என்ன பொருத்தனை?"

அண்ணாச்சி நாற்பத்தெட்டு லண்டனிலிருந்து ஆரம்பித்தார். வெளியே நோயாளிகள் கதவைத் தட்டும்வரை டாக்டரால் தப்ப முடியவில்லை.

கட்டோடும் அவர் வெறுங்காலோடுதான் கடைக்கு வந்தார். உபதேசியார் சொன்னார், கேட்கவில்லை. நான் காலில் விழாத குறை. கண்ணாடியை உடைத்தவன் நான் என்று அக்காவிடம் சொல்ல நாக்கு வரவில்லை; ஜோக்குதான் வந்தது. எஸ்தர் அக்கா என்னிடம், "நான் சொன்னா கேக்க மாட்டாரு தம்பி. நாப்பது வருஷமா கேட்டதில்ல. யுகோஸ்லாவியாக்காரன் வந்து சொன்னாத்தான் கேப்பாரு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் யுகோஸ்லாவியாவைத் தேடினேன். அங்கேதான் பிடித்தேன். அண்ணாச்சியின் சரித்திரம் ஐம்பத்தொன்றிலிருந்து நேராக ஐம்பத்தாறுக்குத் தாவும். நடுவில் ஐம்பத்திரண்டு என்று ஒரு வருஷம் இருந்ததே எங்கள் தெருவுக்குத் தெரியாது.

விஷயம் கையில் இருந்தாலும் அவரிடம் சொல்வது எப்படி? ஃபுட்பால் பேச்சில் அவரைத் தாண்டி யாரும் ஒரு வாக்கியத்தை முடித்ததில்லை. எங்கள் ஊரில் ஒருவர் பேச்சில் யாருமே குறுக்கிடாத இடம் ஒன்றுதான் உண்டு. அது ஜெபம்.

அந்த வெள்ளிக்கிழமை, "யாராவது ஜெபம் பண்ணலாம்" என்று உபதேசியார் சொன்னதும் நான் கையைத் தூக்கினேன். சுண்டலுக்கும் டீக்கும் மட்டும் வருகிறவன் என்று பெயரெடுத்தவன் நான். கண்ணை மூடியிருந்தவர்கள்கூடத் திறந்துவிட்டார்கள்.

"பரலோகப் பிதாவே, ஐம்பத்திரண்டாம் வருஷத்திலே ஹெல்சிங்கி பட்டணத்திலே எங்கள் தேசத்துப் பிள்ளைகள் யுகோஸ்லாவியருக்கு விரோதமாய் ஆட இறங்கினதை நீர் அறிவீர். அவர்களில் அநேகர் வெறுங்காலாய் இருந்தார்கள். குளிரோ கொடிதாயிருந்தது. அவர்கள் வாங்கின கோல் பத்து, போட்டதோ ஒன்று."

"ஆமென்!" என்று ஒரு முழக்கம். அண்ணாச்சி. ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டார்கள். சுண்டல் தட்டு நகரும் சத்தம்கூடக் கேட்டது. நான் கண்ணைத் திறக்கவில்லை.

"இன்னும் இருக்கிறது, ஆண்டவரே. அதன்பின்பு எங்கள் பிள்ளைகள் பிடிவாதம் பண்ணாமல் பூட்ஸ் போட்டுக்கொண்டார்கள். நாலு வருஷம் கழித்து மெல்போர்னிலே, அதே யுகோஸ்லாவியருக்கு விரோதமாய், முதல் கோலைப் போட்டவர்கள் இவர்களே. பூட்ஸ் போட்டதினாலே அவர்கள் வெட்கப்பட்டுப்போகவில்லை. ஆகையால் ஆண்டவரே..."

இதற்கு மேல் மனப்பாடம் பண்ணி வந்தது மறந்துவிட்டது. "அந்தக் கண்ணாடியை உடைச்சது நான்தான், ஆண்டவரே. அவரு கால் போயிறக் கூடாது" என்று மட்டும் வந்தது. இது என் திட்டத்தில் இல்லை.

யாரும் ஆமென் சொல்லவில்லை. அப்புறம் அண்ணாச்சியின் குரல், பைய வந்தது.

"ஆண்டவரே, தம்பி சொன்னதுல ஒரு திருத்தம். குளிரு நம்ம பயலுவளுக்கு மட்டும் இல்ல, அவனுவளுக்கும் இருந்துது. அந்தக் குளிரப் போட்டதே நீருதான். பொறவு... பூட்ஸ் போட்டது மெய்தான். பத்து வாங்குனதும் மெய்தான். நான் மறைச்சிட்டேன். மன்னிச்சிரும். ஆமென்."

டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏலே, பத்தைச் சொன்னியே, அந்த ஒண்ணு எப்பப் போட்டானுவன்னு சொன்னியா? எண்பத்தொம்பதாவது நிமிஷம். பத்து வாங்கிட்டு, குளிர்ல வெறச்சுப்போயி, ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கையில ஓடிப்போயி அடிச்சிருக்கான். எதுக்குலே அடிச்சான்? ஆரு கேட்டா?" அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. இத்தனை வருஷமாக அந்த ஒரு கோலைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னை 'வே' போட்டு மரியாதையாகப் பேசிவந்தவர் அன்றைக்குத்தான் 'லே'க்கு இறங்கினார். எனக்கு அது பதவி உயர்வு.

திங்கட்கிழமை செருப்புக் கடைக்கு அண்ணாச்சி, எஸ்தர் அக்கா, நான் மூன்று பேரும் போனோம். எம்.சி.ஆர். செருப்பில் நீல வார்தான் வேண்டும் என்றார். நம் அணியின் சட்டை நீலம். கிடைத்தது. போட்டுக்கொண்டு கடைக்குள் நாலடி நடந்தார், அப்போதுதான் பிறந்த கன்றுக்குட்டி மாதிரி. எஸ்தர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷூ பாலிஷ் டப்பாக்களை எண்ணினார்.

"பொருத்தனை என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றேன்.

"ஏலே, அது ரத்தாகல. இப்ப இடைவேளை."

புண் ஆறிவிட்டது. விரல் ஐந்தும் இருக்கிறது. அண்ணாச்சியின் சரித்திரத்தில் இப்போது ஐம்பத்திரண்டும் உண்டு; பத்து கோலை ஒரே மூச்சில் தாண்டிவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் அரை மணி நேரம். வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் உபதேசியார் இப்போது என்னிடமும் குறிப்பு கேட்கிறார். "இந்திய அணி உலகக் கோப்பைக்குப் போகணும்" என்று அண்ணாச்சிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறேன். கண்ணை மூடியதும் நான் கேட்பது அந்த இடது கால் பெருவிரலை. உலகக் கோப்பை மெதுவாக வரட்டும்.