தேநீர் வரைக்கும் சட்டம்

கருத்தரங்குக்குப் போய்வந்தவர் என்று ஓர் இனம் இருக்கிறது, ஐயா. வக்கீலைக்கூடச் சமாளித்துவிடலாம், காசு தீர்ந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். இவர் இனாம். நிறுத்தவே மாட்டார்.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அர்ஜுனன் அந்த இனத்தில் அசல் சரக்கு. எண்பதுகளில் பல்கலைக்கழகத்துச் சட்ட விரிவுரையாளர்கள் வருஷத்துக்கு ஒருமுறை பட்டணத்து மண்டபத்தில் குற்றவியல் கருத்தரங்கு நடத்துவார்கள். அர்ஜுனன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பையில் இரண்டு பேனாவுமாக முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, புரிந்த இடத்தில் ஒரு தரமும் புரியாத இடத்தில் இரண்டு தரமும் தலையாட்டி, தேநீர் இடைவேளையில் கறிபாப்பும் நாசி லெமாக்கும் ஒரு கை பார்த்துவிட்டு, ‘இனி என்ன புதுசாகச் சொல்லிவிடப் போகிறார்கள்’ என்று பஸ் ஏறிவிடுவார். ஆக, எந்தச் சட்டமும் அவருக்குப் பாதிதான் தெரியும். பாதி போதாதா? ஒரு வருஷம் ‘குற்ற மனம்’ என்று கேட்டுவந்தார். பந்தடித்துக் கண்ணாடியை உடைத்த பொடியனை நிறுத்திவைத்து, "அடிக்கும்போது ஒம் மனசுல என்னா இருந்துச்சு?" என்று விசாரித்தார்.

"கோலு போடணும்னுதான் அங்கிள்" என்றான் அவன்.

அடுத்த வருஷம் மௌன உரிமை. போலீஸ் கேட்டால் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்றார் விரிவுரையாளர். அது எந்த மாதிரிக் கேள்விக்கு என்று அவர் விளக்கியது தேநீருக்குப் பிறகு.

அந்த வாரம் பார்த்துத்தானா தங்கராஜுவின் மோட்டார் சைக்கிள் களவு போக வேண்டும்? பாசிர் பெனம்பாங்கில் மீன் எடுத்துத் தோட்டம் தோட்டமாக விற்கிறவர். வண்டி இல்லையென்றால் வீட்டில் அடுப்பெரியாது. சில நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் அதே வண்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே வந்துவிட்டார்.

"இனி மோட்டோர் சியாப்பா?"

யாருடைய வண்டி என்று கேட்கிறார், பாவம், நல்ல மனுஷர். பாய்ந்து ஓடப்போன தங்கராஜுவின் சட்டையைப் பிடித்து இழுத்தார் அர்ஜுனன்.

"அண்ணே, வாயத் தொறக்காதீங்க! சொன்னதெல்லாம் கோர்ட்டுல நமக்கே எதிரா வரும்."

"எம் மோட்டோருதானே தம்பி?"

"அதான் டேஞ்சர்லா!"

கிராணி சொன்னால் கேட்டுப் பழகிய லயம், மொத்தமாக வாயை மூடிக்கொண்டது. போலீஸ்காரர் மறுபடி கேட்டார், தலையைச் சொறிந்தார், லோரியில் ஏறினார். தங்கராஜுவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அர்ஜுனனுக்கோ பெருமை தாங்கவில்லை. சட்டம் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்கிறாரே!

லோரி நகர்ந்தது. குழாயடியிலிருந்து தங்கராஜுவின் மனைவி அமராவதி போலீஸ்காரரைக் கூப்பிட்டபடி ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"துவான்! துவான்! எங்க மோட்டோரு அது!"

"அக்கா, பேசாதீங்க, கேசாயிடும்!"

"ஆவட்டும். கேசுக்கு நீ போ, மீனுக்கு அவரு போவட்டும்!"

லோரி நின்றது, வண்டி இறங்கியது. அர்ஜுனன் அசந்தாரா? "நாம மௌனமா இருந்ததாலதான் போலீசே மனசு எறங்கிக் குடுத்துட்டுப் போறாங்க" என்று சாயங்காலம்வரை விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, ‘அது அப்படியில்லை, சட்டப்படி பார்த்தால்...’ என்று உங்கள் ஆள்காட்டி விரல் லேசாக எழும்பியதே, நான் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? மடக்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அமராவதியும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.