ஆட்டி வைத்த ஒயர்

பழைய காரை எப்படியாவது தலை முழுகிவிடுவது என்று கண்ணாடிக்காரர் ஒரு திங்கட்கிழமை காலை, வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு சபதம் எடுத்தார். ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். அவருடைய கண்ணே எட்டு மாதமாக ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. கடைக்கு எதிரே திறந்திருந்த ஷோரூமில், ஒரு சிவப்புக் கார்.

குறுக்கே நின்றது மனைவி. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுப்பவள். நாளொன்றுக்கு நாற்பது நெஞ்சைப் பார்ப்பவள் என்பதால் எந்த நெஞ்சுக்கும் சுலபத்தில் இரங்க மாட்டாள்.

"நம்ம வண்டி பழசாயிடுச்சும்மா."

"நீங்களும்தான். மாத்திடலாமா?"

"விளையாடாதே. ஒரு நல்ல வண்டி வாங்கினா…"

"இதுக்கு என்ன குறை? சிக்னல்ல நின்னா இன்ஜின் ஓடுதா இல்லையான்னே தெரியல. ஆடலை, அசையலை. ஆட ஆரம்பிக்கட்டும், அப்போ பேசலாம்."

வண்டியும் அசையவில்லை, அவளும் அசைந்து கொடுக்கவில்லை. ஆனால் அவள் வாயாலேயே வழி சொல்லிவிட்டாள். ஆட வேண்டும். அவ்வளவுதானே?

அன்று மதியமே மெக்கானிக்கிடம் போனார். எல்லோரும் அவனை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஏம்ப்பா, எங்க வண்டி ஏன் ஆடவே மாட்டேங்குது?"

ஸ்பேனர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். இருபது வருஷத்தில் இப்படி ஒரு புகாரை அவன் கேட்டதில்லை.

"சார், எந்த இன்ஜினும் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டம் உங்க சீட்டுக்கு வராம நடுவுல ஒண்ணு தாங்கிக்குது." பானட்டைத் திறந்து, இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த குண்டு டப்பா ஒன்றைத் தட்டிக் காட்டினான். "இதுதான் மவுண்ட். உள்ள ரப்பரு, எண்ணெய் மாதிரி ஒரு திரவம். வண்டி சும்மா நிக்கும்போது கம்ப்யூட்டர் இந்த ஒயர் வழியா ஆர்டர் போடும். உடனே மெத்தை மாதிரி இளகி, ஆட்டத்தை முழுங்கிடும். வேகமா போகும்போது கட்டை மாதிரி இறுகி, இன்ஜினைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்."

"ஆர்டர் வரலேன்னா?"

"கட்டை கட்டையாவே இருக்கும். சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் ஆடற ஆட்டம் மொத்தமும் உங்களுக்குத்தான்."

கண்ணாடிக்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை ஸ்பேனர் கவனிக்கவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் அவரே பானட்டைத் திறந்து, சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கித் தொங்கவிட்டார்.

மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். முதல் சிக்னல். ஸ்டியரிங் நடுங்கியது. கண்ணாடியில் தெரிந்த பின்னால் வந்த பஸ், இரண்டு பஸ்ஸாகத் தெரிந்தது. அவருடைய கடைவாய்ப்பல் தாளம் போட்டது. பேரானந்தம்!

"பா-பார்த்தியா? எப்-எப்படி ஆடுது!"

"எது?"

"வண்-வண்டி!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே." அவள் காதுத்தொங்கட்டான் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. முகத்தில் மட்டும் ஒரு ஆட்டமும் இல்லை.

அடுத்த சிக்னல். அதற்கடுத்த சிக்னல். "ஒண்ணும் தெரியலையே."

புதன்கிழமை வண்டியை அவள் எடுத்துப் போனாள். வாசலிலேயே காத்திருந்து கேட்டார். "இன்னிக்கு ஆடியிருக்குமே?"

"ஆடவே இல்ல. குளத்துல படகு மாதிரி வழுக்கிக்கிட்டு வந்தேன்."

அவள் உள்ளே போனதும் ஓடிப்போய் பானட்டைத் திறந்தார். ஒயர் அவர் விட்ட இடத்தில் விட்டபடியே தொங்கியது. தலையைச் சொறிந்தார். வியாழன் அவர் ஓட்டினார், உலுக்கி எடுத்தது. வெள்ளி அவள் ஓட்டினாள், படகு. திரும்பி வந்ததும் பார்த்தார், ஒயர் தொங்கியது. கம்ப்யூட்டர்கூட ஆள் பார்த்து நடக்குமா? அவள் மிரட்டினால் கட்டையும் இளகுமோ? எரிச்சலில் கடையில் ஒருவருக்கு வலது கண் லென்ஸை இடது கண்ணில் மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை அவள் சாவியை எடுத்தாள். "நான் போய் வண்டியைத் திருப்பி நிறுத்தறேன். சட்டை மாட்டிட்டு வாங்க. நான் ஓட்டறேன், பக்கத்துல உக்காந்து நீங்களே பாருங்க."

ஏறி உட்கார்ந்தார். சிக்னலில் நின்றது. நிசப்தம். பயத்தில் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்த அவர் கைதான் நடுங்கியது.

"பாருங்க, வண்டி ஆடலை. நீங்கதான் ஆடறீங்க. இந்தக் கையை வெச்சுக்கிட்டு யார் மூக்குல கண்ணாடி மாட்டப் போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கே விடும்மா" என்றார். அரை மணி நேரத்தில் அவளுடைய அறையில், அவளுடைய கட்டிலில், நெஞ்சு நிறைய ஒயரோடு மல்லாந்து கிடந்தார். தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா தினம் நடக்கணுமாம். ஒரு மாசத்துக்கு வண்டியைத் தொடவே கூடாதாம்."

நடந்தார். வீட்டிலிருந்து கடைக்கு மூன்று கிலோமீட்டர். கடையிலிருந்து வீட்டுக்கு அதே மூன்று, ஆனால் ஏற்றம். தினம் காலையில் அவருடைய காரே அவரைத் தாண்டிப் போகும். சிக்னலில் பக்கத்தில் வந்து நிற்கும். சத்தமில்லை, சலனமில்லை. உள்ளிருந்து மனைவி கையை ஆட்டுவாள். அந்த ஒரு ஆட்டம்தான்.

ஏழாம் நாள் குதிகால் கொப்புளத்தோடு வந்து நாற்காலியில் விழுந்தார். மனைவி வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, எனக்கு வியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி நிஜமாவே ஆடுச்சு. அந்த ஒயரைக் கழட்டினது நான்தான்!"

"தெரியுமே."

"எப்-எப்படி?" வண்டியில் இல்லாமலே திக்கியது.

"எங்க மெஷின்ல கோடு ஆடினா எடுத்தவுடனே நெஞ்சைச் சந்தேகப்பட மாட்டோம். எந்த ஒயர் கழண்டிருக்குன்னுதான் முதல்ல பார்ப்போம். அன்னிக்கே பானட்டைத் திறந்து பார்த்துட்டேன்."

"அப்ப நீ ஓட்டும்போது…"

"மாட்டிக்குவேன். வரும்போது தெருமுனையிலேயே நிறுத்தி, நீங்க வெச்ச மாதிரியே கழட்டித் தொங்க விட்டுடுவேன்."

"அன்னிக்கு என்கூட வந்தப்போ? உனக்கு ஒண்ணுமே தெரியலையா?"

"தெரியாம என்ன? ரெண்டு நாள் இடுப்பு வலி. நீங்க செஞ்சதை நீங்க சொல்லலை, எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லலை."

கண்ணாடிக்காரர் ஆடிப்போனார். ஆனாலும் ஒரு நப்பாசை தலைதூக்கியது.

"சரி போகட்டும். எனக்குத்தான் ஒண்ணுமில்லையே, டாக்டர்கிட்ட கேட்டு நாளையிலேர்ந்து நானே வண்டியை எடுத்துக்கறேன்."

அவள் கோட்டை உதறி மடித்தாள்.

"டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு. வண்டியைத் தொடக் கூடாதுன்னு சொன்னது நான். இன்னும் இருபத்து மூணு நாள் இருக்கு."