சாவி வைத்த தாம்பூலத் தட்டு

லாரி டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்க வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு வீடு தேடிப் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் விருத்தாசலத்துக்காரர். வேறு எந்த ஊரிலாவது இப்படி ஒருவர் இருப்பதாக யாராவது நிரூபித்தால், இந்தப் பக்கத்தில் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

அவருக்குச் சம்பந்தி என்று பெயர். வைத்தது நாங்கள். தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் நான் பில் போடுகிறவன், அவர் லாரிகளுக்குப் பொறுப்பு. லாரி இரண்டு, டிரைவர் ஒன்றரை. ஒருவர் நிரந்தரம். அந்த அரை, வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பவர்.

பீங்கான் லோடு என்றாலே டிரைவர்களுக்கு ஆகாது. கம்பி ஏற்றிப் போகிறவர் பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். எங்கள் லாரியில் வேகத்தடை ஏறி இறங்கினால் பின்னால் கலகலவென்று ஒரு சத்தம் வரும், எது உடைந்ததோ என்று டிரைவர் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அதனால், "காலைல அஞ்சு மணிக்கே வந்து நிப்பேன் சார்" என்று சத்தியம் செய்கிற புது ஆளின் போன் விடிந்தால் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும். ஒருவர் வந்தார், லோடைப் பார்த்தார், "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேங்க" என்று போனார். இன்றுவரை குடித்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர், எழுந்திருக்கவே முடியாத காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டு, நாமக்கல்லில் வேறு கம்பெனி லாரிக்கு மாலை போட்டு நிற்கிற படத்தை அன்றைக்கே வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார். படத்தில் ஆள் நன்றாகத்தான் இருந்தார்.

அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த சம்பந்திக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"தம்பி, கம்பெனிய ஏமாத்தலாம். வெத்தலை பாக்கு வாங்கிக்கிட்ட வூட்டை ஏமாத்த முடியுமா? அம்மாக்காரி கேக்கும், பொண்டாட்டி கேக்கும், பக்கத்து வூட்டுக்காரங்களும் கேப்பாங்கல்ல?"

மறுநாளே கிளம்பிவிட்டார். எவர்சில்வர் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூ. நடுவில் குங்குமம் வைத்த லாரிச் சாவி. அவர் மொபெட்டை ஓட்ட, பின்னால் தட்டோடு நான். டிரைவர் வீட்டில் மூத்த பெண்மணி யாரோ அவரிடம்தான் தட்டைக் கொடுப்பார். "உங்க புள்ளைய எங்க லாரிக்குக் குடுக்குறீங்க. கண்ணு கலங்காம பாத்துக்குறோம். சாவி சாமி படத்துக்கு முன்னாடியே இருக்கட்டும், வேலைக்கி வர அன்னிக்கி எடுத்துக் குடுங்க" என்பார்.

ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணமாகாத ஒரு டிரைவர் வீட்டுக்குப் போனபோது தெருவே கூடிவிட்டது. பையனின் அத்தை அவசரமாகக் கேசரி கிண்டி எங்களுக்குக் கொடுத்துவிட்டு, "பொண்ணு என்ன படிச்சிருக்குது?" என்று கேட்டார். நான் கேசரியைக் கீழே வைத்துவிட்டேன். சம்பந்தி அசரவில்லை.

"பொண்ணு இல்லீங்க, லாரி. ஆறு சக்கரம். போன மாசந்தான் எஃப்.சி. முடிச்சோம்."

கேசரியை அத்தை திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, அதுவே பெரிய மனசு. அந்தப் பையன் சொன்ன நேரத்துக்கு வேலைக்கு வந்தான். ஒரு வருடம் ஓட்டிவிட்டு, சொல்லிக்கொண்டுதான் துபாய்க்குப் போனான்.

இப்படியே ஒவ்வொரு வீட்டிலும் அவர் "சம்பந்தி, சம்பந்தி" என்று உறவு கொண்டாடியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தெரிந்துதான் அந்தப் பெயரைச் சொல்லித் தொழிற்பேட்டை முழுக்கச் சிரித்தது. அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. கூப்பிட்டால், "என்ன சம்பந்தி?" என்று நம்மையே திருப்பிக் கூப்பிடுவார்.

முதலாளிக்கு மட்டும் இந்தத் தட்டு விவகாரம் பிடிக்கவே இல்லை. "லாரிச் சாவியப் போயி யாரோ வூட்டுல பூஜையில வச்சிட்டு வரீங்களே, உங்களுக்கென்ன கிறுக்கா?" என்று கத்துவார். அவர் கத்துவதிலும் நியாயம் உண்டு. மாற்றுச் சாவி, சொல்லாமல் போன பழைய டிரைவர் ஒருவரின் பாக்கெட்டில் ஓசூர் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

போன நவராத்திரிக்கு முன்னால் அது நடந்தது. கோயம்புத்தூர் கடை ஒன்றுக்குக் கொலு பொம்மை லோடு. ஒரு லாரி வெளியூர் போயிருந்தது. நின்ற லாரிக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து புது டிரைவர். தட்டும் சாவியும் கொடுத்தாகிவிட்டது. "இந்த ஆளும் வரலன்னா, தட்ட எடுத்துக்கிட்டு நீங்க வூட்டோட இருந்துக்குங்க" என்று முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிறவர்.

காலையில் வைக்கோல் சுற்றிய பெட்டிகள் ஏறிவிட்டன. டிரைவர் வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். வெயில் ஏறியபோது முதலாளியே வந்துவிட்டார்.

"நவராத்திரி போனப்புறம் இந்தப் பொம்மைய யாரு வாங்குவா? நானே வூட்டுல படி கட்டி உக்கார வைக்கட்டுமா? மெக்கானிக்கக் கூப்புடுங்க, பூட்ட ஒடைங்க!"

"ஒடைச்சிட்டு யாருங்க ஓட்டுறது?" என்று நான் வாயை விட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சம்பந்தி லாரிக் கதவில் சாய்ந்து நின்றார். "வெத்தலை வாங்கியிருக்காங்க முதலாளி. கொஞ்சம் பொறுங்க" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கேட்டருகே ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அந்த டிரைவரின் அம்மா இறங்கினார். கையில் எங்கள் எவர்சில்வர் தட்டு. அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, புது வேட்டி துண்டு, அதன்மேல் சாவி. பின்னாலேயே கைலியை மடித்துக் கட்டிய, பெரிய மீசை வைத்த ஒருவர்.

"சம்பந்தி, பையன் ராத்திரியே பெங்களூருக்கு பஸ்ஸு ஏறிட்டாங்க. பீங்கான் லோடு ஆவாதாம். அவன் ஓடிட்டான், ஆனா வெத்தலை வாங்குனது நானு. இவரு எம்பொண்ணக் கட்டுன மாப்பிள்ளை. கரும்பு லாரி ஓட்டுறவரு. இப்ப கரும்பு வெட்டு இல்ல, சும்மாதான் இருக்காரு. இவர ஏத்துக்கணும்."

கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை ஓடிப்போனால், அதே முகூர்த்தத்தில் சொந்தத்தில் ஒரு பையனை மணையில் உட்கார வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு லாரிக்காக அப்படிச் செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். கருவேப்பிலங்குறிச்சிக்காரர்களை நினைத்து எனக்கு அப்படி ஒரு பெருமை.

முதலாளி லைசென்ஸை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "கரும்பு வேற, பொம்மை வேற. ஒடைஞ்சா?"

மீசைக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அத்தையும் வண்டியில வராங்களாம் சார். அவங்க ஒடைய வுட மாட்டாங்க."

அதன்பிறகு அந்த அம்மா தட்டைச் சம்பந்தியிடம் நீட்டினார். "அன்னிக்கி நீங்க குடுத்துட்டுப் போனீங்க, நாங்க திருப்பிச் செய்யல. தட்டு ஒரு பக்கமாவே போனா அது சம்பந்தமாங்க? வாங்கிக்குங்க சம்பந்தி."

கிண்டல் கலக்காமல் அந்தப் பெயரைச் சொல்லி அவரை ஒருவர் கூப்பிட்டதை நான் கேட்டது அப்போதுதான். எத்தனையோ வீடுகளில் தட்டு நீட்டிய மனிதர், தனக்கு நீட்டிய தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சாவியை மீசைக்காரரிடம் கொடுத்துவிட்டு, லாரிக்குப் பின்பக்கம் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனார். கயிற்றை வெகுநேரம் பார்த்தார்.

கோயம்புத்தூர் வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவா மாப்பிள்ளை, புள்ளையாரு இருக்காரு" என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே போனாராம். ஒரு பொம்மைக்கு மூக்கு நுனிகூடப் போகவில்லை. மீசைக்காரர் இப்போது எங்கள் நிரந்தர டிரைவர். புதிதாக ஆள் எடுத்தால் முதலாளியே, "பூ வாங்கியாச்சா?" என்று கேட்கிறார்.

அடுத்த மாதம் என் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் யார் போவது என்று வீட்டில் பேச்சு வந்தது. சம்பந்தி என்றேன். பிள்ளையில்லாதவரை முன்னால் விடலாமா என்று சொந்தத்தில் ஒருவர் இழுத்தார். ஸ்ரீமுஷ்ணத்திலும் கருவேப்பிலங்குறிச்சியிலும் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அவருக்கா பிள்ளை இல்லை என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினார். பிறகு, "தட்டுல சாவி வேணாம்ல தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

வேண்டாம் அண்ணே. நீங்கள் முன்னால் நடந்தால் போதும்.