கழற்றக் கூடாத இயந்திரம்

எவனோ ஒரு பாவி. எல்லாவற்றுக்கும் அவன்தான் காரணம். நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாத அச்சு இயந்திரத்தை, மூடிப்போன அச்சகத்தில் அநாதையாய் விட்டுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் ஊரைவிட்டே ஓடினவன். அவனைத் திட்டாமல் பழைய இரும்புக் கடைக்காரருக்குப் பொழுது விடிந்ததில்லை.

அதைக் கடைக்காரர் தூக்கிவந்து தன் வீட்டுப் பின்னறையில் இறக்கியபோது பின்சுவர் எழும்பியிருக்கவில்லை. இப்போது சுவர் இருக்கிறது. அறை வாசலோ இரண்டரை அடி அகலம். கழற்றினால்தான் வெளியே போகும். கழற்றத்தான் அவர் விடமாட்டார். முழுசாய் இருந்தால் கதை, கழற்றினால் வெறும் இரும்பு. கதை விற்றே முன்னுக்கு வந்த மனுஷர்! ஓட்டைக் கடிகாரத்தைக் கப்பல் தலைவனுடையது என்பார். கால் உடைந்த நாற்காலியில் ஒரு நீதிபதியை உட்காரவைப்பார். இந்த இயந்திரத்துக்கு மட்டும் எந்தக் கதையும் ஒட்டவில்லை.

மனைவிக்கு அந்த அறை வேண்டும்.

"ரெண்டு தையல் மிஷின் வர்ற சனிக்கிழமை வருது. இடம் இல்லேன்னா வேற ஒருத்திக்குக் கொடுத்துடுவாங்க. எனக்குன்னு ஒரு பிழைப்பு வேண்டாமா?"

"என் உயிரே போனாலும் இது போகாது!"

"சரிங்க" என்று சிரித்துக்கொண்டே சோறு வடிக்கப் போனாள். அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவரிடம் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, பெரிய கார்ல ஒருத்தர் வந்தார். அச்சு மிஷின் இங்கதான் இருக்கான்னு கேட்டார்."

"விலை சொன்னானா?"

"அதெல்லாம் பேசலை. கழட்டிட்டீங்களான்னு மட்டும் கேட்டார். இல்லைன்னதும் மூச்சு விட்டார்."

"மூச்சா?"

"பெருமூச்சு. 'ஒரு திருகைக்கூடத் தொடாதீங்க, சனிக்கிழமை வந்து அப்படியே எடுத்துக்கறேன்'னார்."

பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். வாங்க வந்தவன் எதைத் தொடாதே என்கிறானோ, அதற்குள்தான் சரக்கு. முப்பது வருஷம் அடிபட்டுப் படித்த பாடம்.

"உள்ளே எதையோ ஒளிச்சு வச்சிருக்கான்டி அந்தப் பாவி!"

"நமக்கெதுக்குங்க வம்பு? தொடாதீங்க."

ஸ்பானரோடு பாய்ந்தார். துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினார். அப்படியும் அசையாததற்கு வசை ஊற்றினார். கட்டைவிரல் நசுங்கியது. தெருவில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் எட்டிப்பார்த்தார்.

"இங்க ஒரே இருட்டு. வெளியில வெளிச்சத்துல வச்சு நல்லாப் பாருங்க" என்று கரிசனப்பட்டாள் மனைவி. சக்கரம், உருளை, பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாய் உருட்டிக்கொண்டு போய்த் தெருவாசலில் போட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரம். இயந்திரத்தின் கடைசிக் காலைத் தூக்கினார். அடியில் நாலாய் மடித்த காகிதம்! பரபரவென்று பிரித்தார்.

தப்பாய் அச்சான கல்யாணப் பத்திரிகை.

"மிஷின் ஆடாம இருக்க முட்டுக் கொடுத்திருக்காங்க போல" என்றாள் மனைவி. கையில் துடைப்பம்.

துடைப்பத்தைப் பார்த்தார். காலி அறையைப் பார்த்தார். தெருவில் குவிந்த இரும்பைப் பார்த்தார்.

"அடியே... யாருடி அந்தக் கார்க்காரன்?"

"உங்க கப்பல் தலைவன்தாங்க. பக்கத்துல நீதிபதியும் உட்கார்ந்திருந்தார்."

பெருக்கிக்கொண்டே திரும்பினாள்.

"அப்புறம், அதே அச்சகத்துல இருந்து வந்துச்சே நம்ம கூடத்து இரும்பு பீரோ, அதையும் கழட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போனார்."

பொய். அவருக்குத் தெரியும். சத்தியமாய்த் தெரியும். ஆனாலும் கை ஸ்பானரைத் தேடியது. பீரோவுக்கு முன்னால் நின்று, காது கிழியக் கத்தினார்:

"அடேய் பாவி! எங்கே இருந்தாலும் இப்பவே வாடா! இதுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னு உன் வாயால சொல்லிட்டுப் போடா!"