நினைவுச் சரிபார்ப்புக் குழுவும் ஓர் இடது ஷூவும்

உண்மையைக் காப்பாற்றுவதற்கென்று உலகில் நீதிமன்றங்கள் இருக்கின்றன, பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. இவை அனைத்தும் சேர்ந்தும் செய்ய முடியாத பணியை அர்ஜென்டினாவின் சமவெளியில், லாகுனா சேக்கா என்னும் சிற்றூரில், 'ஈரத் தீக்குச்சிகள்' இசைக்குழுவின் ரசிகர் சங்கம் வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குச் செய்து முடித்துவிட்டு எட்டரைக்கு இறைச்சி சுடப் போய்விடும்.

சங்கத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். அத்தனை பேரும் 1989இல் ஸ்போர்ட்டிவோ கிளப்பின் தகரக் கொட்டகையில் நடந்த முதல் கச்சேரியை நேரில் கண்டவர்கள். அந்தக் கொட்டகை போச்சாஸ் பந்து உருட்டுவதற்காகக் கட்டியது. மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு நின்றால் அறுபது பேர் நிற்கலாம். மீதி முந்நூற்று ஐம்பத்திரண்டு பேர் எங்கே நின்றார்கள் என்று கேட்பது கணக்கு வாத்தியார்களின் வேலை. சங்கத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவரும் அன்று கொட்டகைக்குள்தான் நின்றிருந்தார்.

வியாழன்தோறும் 'அனுபவப் பகிர்வு' நடக்கும். மாத்தே தேநீர்க் குவளை கைமாறும். ஒவ்வொருவராக எழுந்து அன்று கண்டதைச் சொல்வார்கள். முதல் ஆண்டில் கச்சேரியன்று தூறல் இருந்தது. மூன்றாம் ஆண்டில் அது மழையானது. எட்டாம் ஆண்டில் கூரையில் இடி விழுந்தது. பன்னிரண்டாம் ஆண்டில், மின்சாரம் போன இருட்டில் பாடகர் பிச்சோன் அல்மிரா ஒலிபெருக்கி இல்லாமல் மூன்று மணி நேரம் பாடினார்; வாசலில் கிடந்த நாய் தேம்பித் தேம்பி அழுதது. உறுப்பினர்களின் ஞாபகசக்தி வயதாக ஆகக் கூர்மையாகிக்கொண்டே போனது மருத்துவ உலகம் கவனிக்கத்தக்கது.

இவை அனைத்தையும் தடித்த குறிப்பேட்டில், தேதியிட்டு, எண்ணிட்டு, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதி வந்தவர் செயலாளர் எவாரிஸ்தோ லுகேசி. குடிநீர் அலுவலகத்தில் புகார் மனுக்களுக்குப் பதில் எழுதும் உத்தியோகம். வயது ஐம்பத்திரண்டு. நூற்றிரண்டு கிலோ. ஊரில் அவருக்குப் பெயர் 'ஒல்லி'. பதினேழு வயதில் வைத்த பெயர். அங்கே பெயர் வைத்தால் வைத்ததுதான், உடம்பு பின்னால் என்ன செய்துகொண்டாலும் அது உடம்பின் சொந்த விவகாரம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்களின் அனுபவத்தை எழுதிய எவாரிஸ்தோ தன் அனுபவத்தை ஒரு வியாழக்கிழமையும் சொன்னதில்லை. காரணம் வெட்கம். அவர் அன்று உண்மையாகவே போயிருந்தார்.

ஞாயிறு மாலை நான்கு மணி, வெளியே தூறல். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நால்வர் போச்சாஸ் ஆட வந்த கிழவர்கள். இடத்தை அடைத்துக்கொண்டார்கள் என்று இசைக்குழுவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாடகரின் அத்தை. அந்த வருஷம் மின்வெட்டு முறை வைத்து வந்துகொண்டிருந்தது. அன்றைய முறை இரண்டாவது பாட்டின் நடுவில் வந்தது. அத்தை கொழுப்புச் சட்டியை அடுப்பில் வைத்து மாவு அப்பம் பொரித்தாள். மழை பெய்தால் அங்கே வேறென்ன செய்வார்கள்? எல்லாரும் தின்றார்கள். நாய் தூங்கியது. கிளம்பும்போது குழுவின் பழைய வேன் சேற்றில் மாட்டிக்கொண்டது. பதினேழு வயது எவாரிஸ்தோ இறங்கித் தள்ளினான். வேன் வெளியே வந்தது. அவனுடைய இடது ஷூ வரவில்லை. ஜன்னல் வழியாகப் பிச்சோன் தலையை நீட்டி, "ஒல்லி, உனக்கு ஒரு ஷூ கடன்டா!" என்று கத்திவிட்டுப் போனான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் குழுவை முப்பத்தொரு தடவை பார்த்துவிட்டார் எவாரிஸ்தோ, எப்போதும் கடைசி வரிசைப் பக்கமிருந்து. ஒரே ஒரு தடவை மேடையை ஒட்டிய கம்பித் தடுப்பில் நின்று, பிச்சோனின் கண்ணில் பட்டு, "ஞாபகம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். வாழ்க்கையில் அவர் வைத்திருந்த மனு அது ஒன்றுதான். மீந்த வலது ஷூ அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அன்று முதல் எந்த ஷூ போட்டாலும் கயிற்றில் இரட்டை முடிச்சு.

இந்த நிலையில்தான் ஆகஸ்ட் மாதம் கடிதம் வந்தது. ஈரத் தீக்குச்சிகள் விடைபெறுகிறார்கள். கடைசிக் கச்சேரி, தொடங்கிய ஊரிலேயே, கிளப்பின் கால்பந்து மைதானத்தில். "முதல் கச்சேரியில் எங்களோடு இருந்தவர்கள் பன்னிரண்டு பேருக்குக் கம்பித் தடுப்போரம் இடம். ஆளை நீங்களே அனுப்புங்கள்."

கடிதத்தை வாசித்து முடித்ததும் கூட்டத்தில் விழுந்த அமைதியை எவாரிஸ்தோ குறிப்பேட்டில் 'ஆழ்ந்தது' என்று பதிவு செய்தார். பிறகு நானூற்றுப் பதினொரு கைகள் உயர்ந்தன.

"எல்லாரும் கையக் கீழ போடுங்க. எனக்கே மேல பாக்க முடியல" என்றார் தலைவி க்ளோரிந்தா பாஸ்கே. மருந்துக்கடை வைத்திருப்பவர்; ஊரில் யாருக்கு எந்த வியாதி என்று தெரிந்தவரை எதிர்த்து யார் தேர்தலில் நிற்பார்கள்? "உண்மையா யாரு இருந்தாங்கன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு ஒரு குழு போடுவோம்."

துணைத்தலைவர் ஒஸ்மார், இறைச்சிக் கடைக்காரர், ஊருக்குக் 'குண்டன்', உடனே ஆமோதித்தார். "குழுவுல இருக்கிறவங்கள யாரு சோதிக்கிறது?"

"நம்மள எதுக்குடா குண்டா சோதிக்கணும்? நாமதான் குழு."

இப்படியாக 'நினைவுச் சரிபார்ப்புக் குழு' பிறந்தது. குறிப்பேட்டை ஆதாரமாக வைத்துப் பத்துக் கேள்விகள் கொண்ட தாள் தயாரிக்கும் பொறுப்பு எவாரிஸ்தோவுக்கு. பொறுப்பாகச் செய்தார். தன் கையாலேயே.

அவருடைய முறை செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி வந்தது. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒல்லி, பதட்டப்படாதீங்க" என்றார் க்ளோரிந்தா. "முதல் கேள்வி. இடி விழுந்தப்ப மணி என்ன?"

"இடி விழலைங்க தலைவி."

க்ளோரிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ராத்திரி பதினொண்ணே காலுக்கு விழுந்துச்சு. தாள்ல இருக்கு."

"சாயங்காலம் நாலு மணிக்கு நடந்த கச்சேரிங்க அது."

"நாலு மணிக்கு யாராவது இசைப் புரட்சி பண்ணுவாங்களாடா?" என்றார் ஒஸ்மார். "நாலு மணிக்கு ஜனங்க தூங்குவாங்க."

"அதனாலதான் ஒன்பது பேர் வந்தாங்க."

"ரெண்டாவது கேள்வி. நாய் என்ன செஞ்சது?"

"நாய் இருந்துச்சு. தூங்குச்சு."

"அழுதுச்சுன்னு உன் கையெழுத்துலயே இருக்கு, பாரு! பக்கம் நூத்து நாப்பது!" என்றார் ஒஸ்மார்.

"நீ சொன்ன, நான் எழுதினேன், குண்டா."

"பாத்தியா? எழுதியிருக்க. அப்பறம் என்ன?"

எவாரிஸ்தோ பெட்டியைத் திறந்து வலது ஷூவை மேசைமேல் வைத்தார். சேறு காய்ந்து, பிஸ்கோத்து நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வேன், சேறு, தள்ளியது, ஜன்னல் எல்லாவற்றையும் சொன்னார்.

குழு ஷூவைச் சுற்றி வந்து பார்த்தது.

"இது தொலையாத ஷூ" என்றார் க்ளோரிந்தா கடைசியில். "தொலைஞ்ச ஷூவக் கொண்டாந்தாதான ஆதாரம்?"

"தொலைஞ்சத எப்படிங்க கொண்டாறது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

பத்துக்குப் பூஜ்யம். 'விண்ணப்பதாரர் குறிப்பிட்ட நாளில் அவ்விடத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை' என்ற முடிவைக் க்ளோரிந்தா சொல்லச் சொல்ல, எவாரிஸ்தோவே எழுதினார். 'வாய்ப்பில்லை'யை ஒரே சொல்லாகச் சேர்த்து, அழகாக. ஷூவைச் 'சங்கச் சொத்தாக'க் கைப்பற்றினார்கள்.

பன்னிரண்டு இடங்களும் தகுதி அடிப்படையில் நிரம்பின. பத்துக்குப் பத்து வாங்கியவர்களில் ஒஸ்மாரின் மருமகனும் உண்டு. 1994இல் பிறந்தவர். இதை யாரோ ஒரு பொறாமைக்காரர் சுட்டிக்காட்டியபோது குழு பெருந்தன்மையோடு விளக்கம் அளித்தது: "அவர் முன்கூட்டியே கலந்துகொண்டார்."

கச்சேரிக்கு முந்தைய இரண்டு நாளும் மழை. ஞாயிற்றுக்கிழமை மைதானம் மாவு பிசைந்த பாத்திரம் மாதிரி இருந்தது. அதற்காகக் கூட்டம் குறையவில்லை. ஊர்ப்பெயர் எழுதிய துணிப் பதாகைகள் தடுப்பெல்லாம் தொங்கின. முதல் பாட்டு தொடங்கியதும் ரசிகர்கள் சொற்களைப் பாடினார்கள், கிதார் வாசிப்பைப் பாடினார்கள், முரசையும் வாயாலேயே கொட்டினார்கள். இசைக்குழுவைக் கேட்க அங்கே யாரும் போவதில்லை. இசைக்குழுதான் நம்மைக் கேட்கப் பணம் வாங்கிக்கொண்டு வருகிறது. எவாரிஸ்தோ வழக்கம்போலக் கடைசியில், சோரிசோ தொத்திறைச்சி சுடும் அடுப்புப் புகைக்குள் நின்று, எல்லாரையும்விட உரக்கப் பாடினார். பூஜ்யம் வாங்கிய மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம் கூடாதுதான். என்ன செய்வது, பாட்டு அப்படி.

இரண்டாவது பாட்டின் நடுவில் பிச்சோன் கையை உயர்த்தினான். தலை நரைத்திருந்தது. கூட்டம் அடங்கியது.

"இந்த ஊருல மொதோ தடவ வந்தப்ப ஒன்பது பேர்" என்றான். "கரண்ட் போச்சு. எங்க அத்த அப்பம் சுட்டுக் குடுத்துச்சு."

கம்பித் தடுப்பிலிருந்த பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வயசாயிடுச்சு, பாவம்" என்றார் ஒஸ்மார். "குழம்புறாரு."

"வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. ஒல்லியா ஒரு பையன் தள்ளிவிட்டான். அவன் ஷூ சேத்துல போச்சு. முப்பத்தஞ்சு வருஷமா அந்தக் கடன் இருக்கு. அவன் இங்க இருந்தா, ஷூவக் கழட்டிக் காட்டட்டும், மேடைக்கு வரட்டும்!"

எவாரிஸ்தோ குனிந்தார். இரட்டை முடிச்சு. ஈரத்தில் இறுகிய இரட்டை முடிச்சு. நகத்தால் நெம்பினார், பல்லைக் கடித்தார். இடது ஷூவின் முதல் முடிச்சு நெகிழ்ந்து, இரண்டாவது அவிழ்ந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

மைதானம் முழுக்க ஷூக்கள். நானூற்றுப் பதினொரு கைகளில் நானூற்றுப் பதினொரு ஷூக்கள் வானத்தில் ஆடின. "நான்தான்!" "ஏய், நான்தான்யா!" "பிச்சோன், என்னத் தெரியலயா?" பேறுகாலத்துக்கு ஒரு வாரம் இருந்த பெண்ணொருத்தி இரண்டு ஷூக்களை ஆட்டினாள். ஒஸ்மாரின் மருமகன் தடுப்பின்மேலேயே ஏறிவிட்டார். க்ளோரிந்தா தன்னுடையதோடு சங்கச் சொத்தையும் சேர்த்து உயர்த்தியிருந்தார்.

"இவ்வளவு பேரா தள்ளினீங்க?" என்றான் பிச்சோன் பலவீனமாக.

"ஆமா!" என்றது மைதானம்.

அன்பு மிகுந்து யாரோ முதல் ஷூவை மேடைக்கு எறிந்தார்கள். அடுத்த கணம் அன்பு ஆலங்கட்டி மழையாகப் பெய்தது. முரசுக்காரர் முரசுக்குள் புகுந்தார். நாற்பத்திரண்டு அளவுள்ள வேட்டை பூட் ஒன்று, காற்றில் அழகாக ஒரு சுற்றுச் சுற்றி, மின்பெட்டியின் நடுவில் போய் இறங்கியது. பட்டென்று சத்தம். மின்சாரம் போனது. இரண்டாவது பாட்டின் நடுவில், மணி நாலே கால்.

வரலாற்றில் இவ்வளவு துல்லியமாக ஒரு கச்சேரி திரும்ப நடந்ததில்லை. ஆனால் யாருக்கும் கவனிக்க நேரமில்லை. நானூற்றுப் பதினொரு பேர் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டு, சேற்றில் தத்தம் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "அது என்னுது!" "உன்னுதா? உன் கால் இவ்வளவு பெருசா?" இசைக்குழு மேடையின் பின்பக்கமாக நழுவித் தன் பேருந்தில் ஏறியது. பேருந்து பத்தடி போய், மெல்லப் புதைந்தது.

அந்த மைதானத்தில் இரண்டு காலிலும் ஷூ போட்ட ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர் அடுப்புப் புகையிலிருந்து வெளியே வந்தார். பேருந்தின் பின்புறம் தோளைக் கொடுத்தார். நூற்றிரண்டு கிலோவை வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாகப் பயன்படுத்தினார். சக்கரம் சுழன்றது, சேறு முகத்தில் அப்பியது, பேருந்து ஒரு குலுக்கலோடு வெளியே பாய்ந்தது. முடிச்சவிழ்ந்த இடது ஷூ உள்ளேயே தங்கியது.

ஜன்னல் திறந்தது. நரைத்த தலை ஒன்று நீண்டது. சேறு வழியும் குண்டு மனிதரை, அவருடைய வெறுங்காலை, மறுபடி அவரைப் பார்த்தது.

"ஒல்லி! நீயாடா? அதே காலா?"

"அதே கால்தான்!" என்று கத்தினார் எவாரிஸ்தோ.

"இப்ப ரெண்டு ஷூ கடன்டா!"

பேருந்து திருப்பத்தில் மறையும்வரை அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு அனுபவப் பகிர்வு. எவாரிஸ்தோ வாய் திறக்குமுன் ஒஸ்மார் எழுந்து, பேருந்து புதைந்ததையும் தான் தோள் கொடுத்ததையும் கண்ணீரோடு விவரித்தார். அடுத்து கணக்கு வாத்தியார் எழுந்தார். அடுத்து மருமகன். எட்டேகாலுக்குள் எல்லாரும் தள்ளி முடித்தார்கள். க்ளோரிந்தா தீர்மானத்தைச் சொன்னார். செயலாளர், தேதியிட்டு, எண்ணிட்டு, ஓரத்தில் இரண்டு விரல் இடம் விட்டு எழுதினார்:

'பேருந்தைத் தள்ளிய உறுப்பினர்கள்: நானூற்றுப் பதினொன்று. பின்னர் மைதானத்தைச் சுத்தம் செய்தபோது சக்கரத் தடத்தில் கிடைத்த ஷூ: ஒன்று, இடது. மேற்படி ஷூவைப் பொறுப்பின்றிச் சேற்றில் விட்டு, கிளப் மைதானத்தை அசுத்தப்படுத்திய உறுப்பினர் யாரென்று விசாரித்துக் கண்டிக்க ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.'

"அப்படி யாரும் ஒத்துக்கப் போறதில்ல" என்றார் ஒஸ்மார் கவலையோடு. "நம்ம ஊர்ல உண்மை பேசுறவன் எவன் இருக்கான்?"